பிலோமினாவின் வெட்கம்

டாக்டர் முன்னால் மகள் இவாஞ்சலினோடு உட்கார்ந்திருந்த பிலோமினாவுக்கு, மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ராயப்பன்பட்டித் தோட்டத்துப் பன்னீர் திராட்சையைக் கூடை கூடையாக வீட்டில் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான். நாற்பத்து மூன்று வயதில் வராத புத்தி இனி எங்கே வரப்போகிறது!

டாக்டரம்மா ரிப்போர்ட்டில் சுகர் அளவை மட்டும் பார்த்துவிட்டு, நிமிர்ந்து இவாஞ்சலினிடம் பொரிந்தார்.

"இவ்வளவு சுகரா? நச்சுக்கொடி வழியாத்தான் குழந்தைக்குச் சாப்பாடும் ஆக்சிஜனும் போகுது. சுகர் ஏறிக்கிட்டே இருந்தா அதோட ரத்தக்குழாய் கெட்டுப்போகும். அப்புறம் குழந்தைக்கு ஆக்சிஜன் பத்தாம போயிரும்."

இவாஞ்சலின் தாயை முறைத்தாள்.

"பிள்ளைய வையாதீக டாக்டரம்மா, தப்பெல்லாம் என்னுது," என்றாள் பிலோமினா.

"செல்லம் குடுத்தே கெடுத்துருவீங்களே! சரி, கட்டில்ல ஏறிப் படும்மா. குழந்தையோட துடிப்பைப் பார்ப்போம்."

இவாஞ்சலின் அசையவில்லை. பிலோமினாதான் எழுந்து, இழுத்துப் போர்த்தியிருந்த முந்தானையை விலக்கிக்கொண்டு கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

டாக்டர் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்து, அதிலிருந்த பெயரையும் வயதையும் பார்த்தார்.

"அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகல டாக்டரம்மா. மாப்பிள்ளை பாக்குற நேரத்துல நான் இங்கன வந்து படுத்திருக்கேன்," என்ற பிலோமினாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கருவியில் துடிப்பு குதிரை ஓடுவதுபோலக் கேட்டது. இவாஞ்சலின் கண் கலங்கிப்போனாள்.

"என் தம்பியோ தங்கச்சியோ நல்லபடியா பிறக்கணும். இனி ஒரு பழத்தைத் தொட்டுப் பாரு, கையை ஒடிச்சிருவேன்!"

"சரிங்க ஆத்தா," என்றாள் பிலோமினா.