மடியில் வைத்த பை

பேருந்துக் கூட்டத்தில் நிற்பவர்கள் உட்கார்ந்திருப்பவர் மடியில் பையைக் கொடுத்துவைப்பார்கள். அந்த வீடியோ வந்த பிறகு என்னிடம் ஒருவரும் கொடுப்பதில்லை. நான் ஒருவனை அறைவதில்தான் அது தொடங்குகிறது. “பஸ்ஸில் பேயாட்டம்” என்று தலைப்பு வேறு. அதற்கு முன்னால் அவன் கை எங்கே போனது என்பது அதில் கிடையாது. அப்போது எவனுக்கும் போனைத் தூக்கத் தோன்றவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று ஒரு காலேஜ் பெண் என் மடியில் பையை வைத்தாள். அவளைத் தடவியதற்காகத்தான் அவனை அறைந்தேன்.

“அக்கா, முழு வீடியோ என் ஃப்ரெண்டுகிட்ட இருக்கு.”

“அப்ப போடச் சொல்லுடி!”

“அதுல என் மூஞ்சி தெரியுதுக்கா. வீட்ல படிப்ப நிறுத்திடுவாங்க.”

எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

“அழிச்சிடச் சொல்லு” என்றேன்.

அவள் இறங்குமிடம் வந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். டிபன் பாக்ஸின் சூடு மட்டும் கொஞ்ச நேரம் மடியில் இருந்தது.