பெயர் இல்லாத அட்டை

“இதுக்குப் பேரு பொருள் விளக்கமா?”

தலைமைப் பதிப்பாசிரியர் அட்டையை மேசையில் வீசினார். எதிரே புதியவள் நின்றிருந்தாள். அவளுடைய ஆறு மாதத் தற்காலிகப் பணி அன்றோடு முடிகிறது. நிரந்தரமா, வீட்டுக்கா என்பது அவர் பேனாவில் இருந்தது.

அகராதியின் மறுபதிப்பு வேலை. சொல்லுக்கு ஒன்றாகத் தட்டச்சு செய்த அட்டைகள்; எழுதியவர் பெயர் இருக்காது, எண் மட்டுமே. ஆள் பார்த்துத் திருத்தக் கூடாதென்று முதல் பதிப்பிலிருந்தே உள்ள விதி; அவரும் அதைக் கறாராகக் காத்துவந்தார்.

மறுபடியும் உரக்கப் படித்தார். “நீதிக்கதை: கேட்பவர், தம்மைப் பற்றியது என்று அறியாமல் கேட்டு, முடிவில் அறிந்துகொள்ளும் கதை. எடுத்துக்காட்டு: கஞ்சனைப் பற்றிய நீதிக்கதையைக் கேட்டு முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.”

நிமிர்ந்தார். “மிருகம் பேசும், கடைசியில நல்ல புத்தி சொல்லும். சின்னக் குழந்தைக்குத் தெரியும். தன்னைத்தான் சொல்றாங்கன்னு தெரியாத மடையன் எவன் இருக்கான்? சரி, முதலாளின்னு யாரைக் குத்துறே?”

“சார், நான்...”

“அட்டையும் பழுப்பு, அதுல கிளிப்போட துரு. புதுசா ஒண்ணு எடுக்கக்கூட சோம்பல். நீ எழுதினதுதானே?”

“யாரு எழுதினதுன்னு கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க.”

அவர் பேனா மூடியைக் கழற்றினார். அவரும் ஒரு காலத்தில் அட்டை எழுதியவர்தான், இப்படியா எழுதினார்? இத்தனை வருடம் சொற்களோடு மல்லாடியும், இந்த எரிச்சலுக்கு ஒரு சொல் அகப்படவில்லை.

சிவப்பு மையில் எழுதினார்: ‘இதை எழுதியவருக்கு அகராதி வேலை ஒத்துவராது. உடனே விடுவிக்கவும்.’ கீழே கையெழுத்து. புதியவள் தரையைப் பார்த்தாள்.

பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளைக் கூப்பிட்டார். “எண்ணைப் பார்த்துப் பேரை எழுதி இயக்குநருக்கு அனுப்பிடுங்கம்மா. இப்பவே.”

அந்த அம்மாள் விரலை நனைத்துப் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டத் தொடங்கினார்.

“எங்கம்மா போறீங்க? அவ எண் கடைசிப் பக்கத்துல இருக்கும்.”

அம்மாள் நிற்கவில்லை. முதல் பதிப்பின் மங்கிய பக்கத்தில் விரல் நின்றது. புதியவளைப் பார்த்தார். பிறகு பதிப்பாசிரியரைப் பார்த்தார்.

“சார்... உங்க பேரை எழுதிடட்டுமா?”