செம்மணியின் சட்டை

ஊசியிலை மரங்கள் அடர்ந்த ஒரு குளிர்காட்டில், மண்ணுக்குள்ளே செம்மணி என்றொரு மணல்துகள் இருந்தது. உடம்போடு ஒட்டிய செந்நிற இரும்புத் துருச்சட்டைதான் அதற்கு அழகு.

மரத்தடியில் உதிர்ந்த இலைகள் மக்கிப் புளித்தன. மழைத்தண்ணீர் அந்தப் புளிப்பை ஏற்றிக்கொண்டு இறங்கும்போதெல்லாம், மேலே கிடந்த துகள்களின் சட்டையை உரித்துக்கொண்டு போனது. அவை சாம்பலாய் வெளுத்துக் கிடந்தன.

"என்ன தப்புப் பண்ணினீர்களோ, மாட்டிக்கொண்டீர்கள்" என்றது செம்மணி. சொல்லும்போதே அதற்குக் குலை நடுங்கியது.

ஒரு மழையில் அதன் தலைக்கு மேலிருந்த துகளும் வெளுத்தது. அடுத்த மழைக்குத் தண்ணீர் செம்மணியைச் சுற்றி வந்து நின்றது.

"நான் ஒரு வம்புக்கும் போகாதவன், ஐயா."

"அவர்களும்தான் போகவில்லை" என்றது தண்ணீர், சட்டையை உரித்தபடி.

கொண்டுபோன துருவையெல்லாம் அது அடியிலிருந்த துகள்கள்மேல் அப்பியது. அங்கே செம்பழுப்பாக ஓர் அடுக்கு இறுகியது.

பிறகு மண்ணை ஆராய்கிறவர்கள் வந்து குழி வெட்டினார்கள். நடந்ததை யாராவது கேட்பார்கள் என்று செம்மணி காத்திருந்தது. அவர்களோ சாம்பல் அடுக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழே இறுகியிருந்த அடுக்கைச் சுரண்டி, தடவி, அதை வைத்தே அந்த மண் இன்ன வகை என்று முடிவுசெய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

செம்மணியின் துருவைப் போர்த்தியிருந்த கீழ்த்துகள் அண்ணாந்து பார்த்தது.

"என்ன தப்புப் பண்ணினாயோ, மாட்டிக்கொண்டாய்" என்றது. அதன் குரலும் நடுங்கியது.

மேலே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது.