பசைக் கூடத்தில் ஒரு வெள்ளைச் சவ்வு

செருப்புக் கம்பெனியில் நாங்கள் பசை தடவுகிற கூடத்துக்கு, போட்டுப் பார்க்கச் சொல்லி ஒரே ஒரு முகமூடி வந்தது. அதைச் செய்த இடத்திலிருந்து கொண்டுவந்த மேடம் அதற்குள் இருந்த வெள்ளைச் சவ்வை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஒரு தலைமுடியைப் பல நூறாகப் பிளந்த மாதிரி இழைகளாம். பசையின் நெடி அதில் ஒட்டிக்கொள்ளுமாம், காற்று மட்டும் உள்ளே வருமாம். என் மூச்சுப் பட்டதற்கே அது நடுங்கியது.

"நூருன்னிசாவுக்குக் குடுங்க, வயித்துப்புள்ளக்காரி" என்றேன். இந்த நெடி பிள்ளைக்கு ஆகாதென்று டாக்டரம்மா சொல்லியும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள் அவள்.

மாட்டிக்கொண்டு பசை டப்பாவைத் திறந்தவள் அலறினாள். "அக்கா, என் மூக்கு செத்துப்போச்சு!"

எங்கள் கூடத்தில் வாசனை தெரியாமல் போனால் அதுதான் அர்த்தம். அப்படி மூக்கைப் பறிகொடுத்த சிங்காரம் சிரித்தார். "வா தங்கச்சி, நம்ம கட்சிக்கு."

அவள் முகத்திலிருந்து முகமூடியைப் பிடுங்கினாள். நெடி அறைந்தது, இருமினாள். மறுபடி மாட்டினாள். நெடியே இல்லை. எனக்கும் ஒரு தடவை மாட்டிவிட்டாள். கண்ணெதிரே டப்பா திறந்து கிடக்கிறது, உள்ளே வருவதோ மழை விட்ட விடியற்காலைக் காற்று.

சாயங்காலம் மணி அடித்ததும் மேடம் கை நீட்டினார். "கழட்டிக் குடும்மா."

நூருன்னிசா வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "கொஞ்சம் இருங்க மேடம். உள்ள இருக்கிறது இன்னும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கட்டும்."

மேடம் மறுபடி கேட்கவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.