ஏற்றத்தில் கேட்கும் அழுகை

மாதங்கி சைக்கிள் பந்தய வீராங்கனை. ஏற்காட்டு மலைப்பாதையில் எதைக் கேட்டால் அவள் வேகமாக மிதிக்கிறாள் என்பதை அவள் காதிலிருந்த பயிற்சிக் கருவி தானே கண்டுபிடித்துவிட்டது. செங்குத்தான வளைவுகளில் அது மகள் யாழிசையின் குரலில் "அம்மா" என்று அழும். மேலே போய்ச் சேர்ந்தால்தான் நிறுத்தும். மாதங்கி மாநில அணிக்குத் தேர்வானாள்.

ஒரு மாலை சமையலறையில் அந்த அழுகை கேட்டது. கருவியைக் கழற்ற மறந்துவிட்டோம் என்று எண்ணி, அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

கணவன் பரிதி ஓடி வந்தான். "புள்ள மாடிப்படியில விழுந்து கெடக்குறா! உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சுங்க" என்றாள். காதைத் தொட்டுப் பார்த்தாள்; கருவி அங்கே இல்லை.

ஆஸ்பத்திரியில் நெற்றியில் தையல் போட்டார்கள். மாதங்கி மகளின் கையைப் பிடித்தாள். யாழிசை கையை உருவிக்கொண்டு, "அப்பா, அப்பா" என்றே அழுதாள்.