கைதட்டல்

தங்கை மேடையில் படுத்திருந்தாள். நான் அரங்கத்தின் கடைசியில், சவுண்டு மிக்ஸர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

வழக்கமாக வரும் சவுண்டுக்காரருக்குக் காய்ச்சல். வேறு ஆள் கிடைக்காமல் என்னைக் கூப்பிட்டாள். இதுவரை அவளுடைய நிகழ்ச்சி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அழைத்தபோதெல்லாம் தலைவலி என்று தப்பித்துக்கொண்டேன்.

பொறாமைதான். வேறு என்னவென்று சொல்வது?

போர் எங்கள் தெருவுக்குள் வந்தபோது அவளுக்கு மூன்று வயது, எனக்குப் பதினொன்று. எல்லாவற்றையும் பார்த்தவள் நான், கேட்டவள் நான். நான் கூட்டங்களுக்கு மைக் கட்டிப் பிழைக்கிறேன். அரைகுறை ஞாபகத்தை மேடையில் நடித்துக்காட்டி அவள் நாடு நாடாகப் போய்ப் பேர் வாங்குகிறாள்.

நிகழ்ச்சிக்கு ‘பத்திரமாக இரு’ என்று பெயர். வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும் அம்மா சொல்வது. அதற்கும் டிக்கெட் போட்டுவிட்டாள்.

ஸ்பீக்கரில் விமான இரைச்சல் வந்தது. கதவு இடிபடும் சத்தம் வந்தது. எங்கள் கதவை அன்று யாரும் தொடக்கூட இல்லை. சும்மா அளக்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு எல்லாம் அடங்கியது. உள்ளங்கையில் ஒட்டியிருந்த சின்ன மைக்கோடு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அவள் மூச்சுக்குத் திணறுவது அரங்கம் முழுக்கக் கேட்டது.

முன்வரிசையில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

யாருக்குத் தெரியப்போகிறது? மெல்ல ஒலியைக் குறைத்தேன்.

சப்பென்று போய்விடும் என்று பார்த்தால், கூட்டம் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தது. அதுவும் அவளுக்கே சாதகமாகிப் போனது.

விளக்குகள் எரிந்தன. கைதட்டல் ஓய வெகுநேரமானது. பிறகு கேள்வி நேரம். வாயைப் பொத்தியது யாருடைய கை என்று ஒருவர் கேட்டார்.

“தெரியாதுங்க, மூஞ்சியப் பாக்கல. பின்னாலேர்ந்து வந்து என் வாயப் பொத்துனவன் கை. இன்னிக்கும் வீட்ல தனியா இருந்தா, கதவத் திரும்பத் திரும்பப் போய்ப் பாத்துட்டுதான் படுப்பேன்.”



அந்த நாளைப் பற்றி அவள் என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அன்று வீட்டுக்குள் எவனும் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். ஜன்னலுக்கு வெளியே சிப்பாய்கள் போய்க்கொண்டிருந்தபோது அவள் அழுவதற்கு வாயைத் திறந்தாள்.

இன்றைக்கு சவுண்டு எங்கள் அக்கா என்று மைக்கில் சொல்லி, தங்கை என்னை மேலே வரச் சொன்னாள். கூட்டம் திரும்பி எனக்குக் கைதட்டியது. இத்தனை வருடமாக நான் ஏங்கியது இதற்குத்தான்.

மேடை ஏறினேன். இருவரும் சேர்ந்து தலை வணங்குவதற்காக அவள் என் கையைப் பிடிக்க வந்தாள்.

நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.