கடைசிக் கட்டம்

ஆராய்ச்சி வாரத்தின் நிறைவு நாள். பல்கலைக்கழகக் கூடத்தில் வரிசையாக ஆய்வுச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. மேலே ஒரு குழல்விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. எறும்புகளைப் பற்றி மகள் வருடக்கணக்காக ஆராய்ந்ததை, அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் எழுத்து விடாமல் படிக்கிறார். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'முடிவு'. அவர் முகம் மலர்கிறது. "அப்பாடா! ஒருவழியா முடிஞ்சுதா?" பசை விட்ட மூலையைக் கட்டைவிரலால் அழுத்தியபடி, "கீழேயும் படிங்கப்பா" என்கிறாள் மகள். 'மேலும் ஆய்வு தேவை.' அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்த சுவரொட்டிக்குப் போய், நேராகக் கடைசிக் கட்டத்தைக் குனிந்து பார்க்கிறார். அதற்கடுத்ததையும் பார்க்கிறார். திரும்பி வரும்போது நடையில் பாரம் குறைந்திருக்கிறது. "ஒருத்தரும் இன்னும் முடிக்கலைம்மா" என்று சொல்லிவிட்டு, பிரிந்துகொண்டிருக்கும் இன்னொரு மூலையைத் தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கிறார்.